மணல் காத்த துறை

தொண்டைமண்டலத்து வடகரை – தொடர் 7

1611 ஆகஸ்டு மாதம் 'குளோப்' என்ற ஆங்கிலக் கப்பல் பழவேற்காட்டுக்கு எதிரே வந்து நங்கூரம் போட்டது. வங்காள விரிகுடாப் பக்கம் வியாபாரம் பார்க்க லண்டன் கம்பெனி அனுப்பிய முதல் கப்பல் அது. தலைவர் ஆண்டனி ஹிப்பன். சரக்குப் பொறுப்பு பீட்டர் ஃபுளோரிஸ் என்பவரிடம் இருந்தது. ஃபுளோரிஸ் டச்சுக்காரர், முன்பு டச்சுக் கம்பெனிக்காக இதே கரையில் வேலை பார்த்து, எந்த ஊரில் எந்தத் துணி கிடைக்கும் என்று கரைத்துக் குடித்தவர். எங்கே இறங்கவேண்டும் என்று தெரிந்தே வந்தார். ஆனால் பழைய முதலாளிகள் முந்திக்கொண்டிருந்தார்கள். டச்சுத் தலைவர் வான் வெசிக், இந்தத் துறையை விஜயநகர அரசர் எங்களுக்கு மட்டுமே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார். பட்டினத்தை நிர்வகித்துவந்த கொண்டம்மா என்ற பெண் அதிகாரியிடம் முறையிட்டதும் பலிக்கவில்லை. குளோப் பாய் விரித்து வடக்கே பெத்தபள்ளிக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

வேங்கடபதி தேவராயரின் அரசாங்கம் அப்போது சந்திரகிரிக்கும் வேலூருக்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருந்த காலம். அந்த மெலிந்த ராஜ்ஜியத்துக்குக் கடலைப் பார்த்த வாசல்களில் முக்கியமானது பழவேற்காடு. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மூன்று தேசத்தார் அந்த வாசலுக்கு அடித்துக்கொண்டார்கள். இன்று பொன்னேரியிலிருந்து பேருந்து ஏறி அங்கே இறங்குகிறவர்களுக்கு இது நம்ப முடியாத கதையாக இருக்கும். இறாலும் நண்டும் வாங்க வருகிற ஊர், பூநாரை பார்க்க வருகிற ஊர், அவ்வளவுதான். அந்த ஊரின் பழைய மதிப்பைப் புரிந்துகொள்ள முதலில் தண்ணீரையும் மணலையும் பார்த்தாக வேண்டும். ராஜாக்கள் பிறகு வரட்டும்.

கோடியக்கரை தொடங்கிக் கிருஷ்ணா நதி கடலில் சேருமிடம் வரைக்கும் வரைபடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். விரல் எங்கும் தடுக்காது. மேற்குக் கரையில் பம்பாய் இருக்கிறது, கோவா இருக்கிறது, கொச்சி இருக்கிறது. நிலம் உள்வாங்கிக் கடலுக்கு இடம் கொடுத்த ஊர்கள் அவை. சோழமண்டலக் கரை அப்படி எங்கும் மடங்கவில்லை. கடலடி மெல்லச் சரிந்து இறங்குகிறது, அலை கரைக்கு வெகு முன்பே உடைய ஆரம்பிக்கிறது, ஆழ்ந்த அடிப்பகுதியுள்ள கப்பல் ஒரு மைல் இரண்டு மைல் தள்ளித்தான் நிற்க முடியும். வங்கக் கடலின் இந்தப் பக்கத்தில் கப்பற்படை ஒன்றே உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்படியான துறை வேண்டுமென்றால் தெற்கே கடல் தாண்டித் திருகோணமலைக்குத்தான் போகவேண்டும். அங்கே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று விரிகுடாவின் வாய்வரை வருகிறது. மலைகள் காற்றை மறைக்கின்றன. நம் கரையில் மலையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. மணல்தான் இருக்கிறது.

அந்த மணலும் ஓரிடத்தில் கிடப்பதில்லை. மார்ச் பங்குனிக் காலத்தில் தொடங்கும் தென்காற்று ஐப்பசி வரைக்கும் அலையைச் சாய்வாகக் கரைமேல் தள்ளுகிறது. ஒவ்வொரு அலையும் ஒரு கைப்பிடி மணலை வடக்கே நகர்த்துகிறது. வாடைக் காற்று வந்ததும் திசை மாறி மணல் தெற்கே திரும்புகிறது. ஆனால் வாடையின் மாதங்கள் குறைவு. ஆண்டுக் கணக்கு முடித்துப் பார்த்தால் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போயிருக்கும். போகிற வழியில் ஆற்று வாய் ஏதாவது தென்பட்டால் குறுக்கே வரப்புக் கட்டிவிட்டுத்தான் போகும். கொற்றலையாறு எண்ணூரில் படும் பாடும், அடையாறு, கூவம் முகங்கள் கோடையில் அடைத்துக்கொள்வதும் இதனால்தான். இந்தத் தொடரில் முன்னால் பார்த்த எந்த ஊரின் கதையிலும் மணல் எதிரியாகத்தான் வந்தது. பழவேற்காட்டில் மட்டும் அது சில நூற்றாண்டுகள் காவல்காரனாக இருந்தது.

ஸ்ரீஹரிகோட்டா என்று இன்று உலகமே அறிந்த தீவு உண்மையில் ஒரு நீண்ட மணல்மேடு. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. அதன் மேற்கே அடைபட்ட நீர்ப்பரப்புதான் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவை அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. சுமார் 60 கி.மீ. நீளம். பெரும்பகுதி இன்றைய ஆந்திரத்தில் இருக்கிறது, தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். கும்மிடிப்பூண்டி வட்டத்தின் கிழக்கு எல்லையில் ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம் பக்கத்து ஊர்களுக்கும் இந்த ஏரிதான் கொல்லைப்புறம். தெற்கே ஆரணியாறு, நடுவே காளங்கி, வடக்கே சுவர்ணமுகி ஆகியவை நன்னீர் கொண்டுவருகின்றன. கடல், மணல்மேட்டின் உடைப்புகள் வழியாக உப்பு கொண்டுவருகிறது. தென்கோடியில் உள்ள உடைப்பு பழவேற்காட்டு முகத்துவாரம். ஊர் அதற்கு எதிரே, ஏரியின் கரையில் உட்கார்ந்திருக்கிறது. வெளியே பேரலை கொந்தளிக்கும்போது உள்ளே தோணி அசையாமல் நிற்கும்.

உள்ளே ஏரி ஒரு காவல் என்றால் வெளியே இன்னொன்று. கரையிலிருந்து தள்ளிக் கடலுக்கடியில் மணல் திட்டுகள் கிடக்கின்றன. மாலுமிகளின் வரைபடங்களில் பழவேற்காட்டுத் திட்டுகள் என்றே பெயர். வழி தெரியாத கப்பலின் அடியைப் பெயர்த்துவிடக் கூடியவை அவை. வழி தெரிந்தவனுக்கோ, கிழக்கிலிருந்து வரும் அலையின் வேகத்தை உடைத்துத் தரும் அரண். இந்த மாதிரியான காவல் ஏரியின் வடகோடியிலும் உண்டு. துகராஜபட்டினத்துக்கு எதிரே இருக்கும் ஆர்மகான் திட்டுக்கு உட்பக்கம் கப்பல்கள் ஒதுங்கும் இடத்துக்குப் பிற்காலத்தில் பிளாக்வுட் துறை என்று ஆங்கிலேயர் பெயரிட்டார்கள். ஆக ஏரியின் இரு முனைகளிலும் இரண்டு ஒதுங்கிடங்கள். நேர்கோடாய்ப் போகும் கரைக்கு இது பெரிய கொடை.

இங்கே ஒரு தவறான படம் மனதில் விழுந்துவிடக் கூடாது. டச்சுக்காரர்களின் பெரிய கப்பல்கள் கோட்டை வாசலில் வந்து நின்றன என்று எண்ணவேண்டாம். அவை திட்டுகளுக்கு உட்பக்கம், திறந்த கடலில்தான் நின்றன. கரையிலிருந்து சலங்குப் படகுகள் போகும். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள். அலை மோதினால் பிளக்காமல் வளைந்து கொடுக்கும். கட்டுமரக்காரர்கள் கடிதங்களும் செய்திகளும் கொண்டுபோவார்கள். துணிப் பொதிகளை ஏற்றிய படகு முகத்துவாரத்தின் மணல் வரப்பைத் தாண்டவேண்டும். நீர் ஏறும் நேரம் பார்த்து, அலைகளுக்கு நடுவே ஓய்வு பார்த்துத் தாண்டவேண்டும். அந்தக் கணக்கு பட்டினவர் கைகளில் இருந்தது. வரப்பைத் தாண்டிவிட்டால் பிறகு ஏரி, அமைதியான நீர். கிடங்கு வாசல்வரை நனையாமல் சரக்கைக் கொண்டுபோகலாம். சென்னையில் பின்னாளில் இதே படகு, இதே ஆட்கள், ஆனால் உள்ளே ஏரி இல்லை. அலையிலிருந்து நேரே மணலில் வந்து மோதவேண்டும். எத்தனையோ பொதிகளும் சில உயிர்களும் அந்தக் கடைசி நூறு கஜத்தில் போயிருக்கின்றன.

அக்டோபர் நடுவில் பருவம் திரும்பினால் பெரிய கப்பல் எதற்கும் இந்தக் கரையில் வேலை இல்லை. 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்த லபூர்தொனேயின் பிரெஞ்சுக் கடற்படையை ஒரே இரவுப் புயல் சிதறடித்தது. பிடித்த கோட்டை கையில் இருந்தது. கப்பல்கள் மூழ்கியும் பாய்மரம் முறிந்தும் கிடந்தன. பழவேற்காட்டுத் திட்டுகளும் புயலைத் தடுக்கக் கூடியவை அல்ல. ஆனால் கரையோர வியாபாரத்தின் உயிர்நாடியான சிறு மரக்கலங்கள், தோணிகள், சலங்குகள் எல்லாம் கார்த்திகை மார்கழியை ஏரிக்குள் கழிக்க முடிந்தது. வாடை ஓய்ந்ததும் முதலில் வேலைக்குத் தயாராக நின்ற துறை எது என்பதற்கு இதுவே பதில்.

இந்த வசதியை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஐரோப்பியர் அல்லர். பக்கத்துத் திருப்பாலைவனத்துக் கோயில் கல்வெட்டுகள் சோழர் காலத்திலிருந்தே இந்தச் சீமையின் நடமாட்டத்தைச் சொல்கின்றன. விஜயநகரக் காலத்தில் ஆனந்தராயன் பட்டினம் என்ற பெயரும் ஊருக்கு இருந்தது. அரபு வம்சாவளி சொல்லும் முஸ்லிம் வணிகக் குடும்பங்களும், தெலுங்குச் செட்டிகளும் கீழைக்கடல் வியாபாரத்தில் இருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய துவார்த்தே பர்போசா, பெகுவிலிருந்து மாணிக்கக் கற்கள் வந்து இறங்கும் பெரிய பட்டினமாகப் பழவேற்காட்டைக் குறிப்பிடுகிறார். பர்மாவின் கல் இங்கே இறங்கி, விஜயநகரத்துப் பிரபுக்களின் கழுத்துக்குப் போனது. துணி எதிர்த்திசையில் மலாக்காவுக்குப் போனது. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர், அந்த ஊருக்குத் துணி எங்கிருந்து வருகிறது என்று நூல் பிடித்து வந்து சில ஆண்டுகளிலேயே பழவேற்காட்டில் குடியேறிவிட்டார்கள். 1515இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம் அந்தக் குடியேற்றத்தின் மிச்சம். ஆனால் அவர்கள் மனம் சாந்தோமில்தான் இருந்தது. அப்போஸ்தலர் தோமாவின் கல்லறை என்று நம்பிய இடத்தைச் சுற்றி ஊர் கட்டினார்கள். சமயப் பற்று துறைமுகப் புத்தியை வென்ற இடம் அது என்று எனக்குப் படுகிறது. நல்ல ஒதுங்கிடத்தை விட்டுவிட்டு அலையடிக்கும் திறந்த மணலுக்குப் போனார்கள். பழவேற்காடு பாதி காலியானது.

அந்தக் காலியிடத்தில் டச்சுக்காரர் நுழைந்தார்கள். 1606இல் முகத்துவாரத்துக்கு வடக்கே கரிமணல் கிராமத்தில் குடிநீர் தேடி இறங்கினார்கள் என்று ஊரில் ஒரு கதை வழங்குகிறது. எழுத்தில் இருக்கும் கதை 1610இல் வேங்கடபதி தேவராயருடன் செய்துகொண்ட உடன்படிக்கையில் தொடங்குகிறது. பண்டகசாலை கட்டினார்கள். சாந்தோம் போர்த்துக்கீசியர் சும்மா இருப்பார்களா? 1612இல் வந்து அடித்து நொறுக்கினார்கள். கிடங்கு மட்டும் இருந்தால் போதாது, சுவர் வேண்டும் என்று டச்சுக்காரர் உணர்ந்தது அப்போதுதான். பழவேற்காட்டுச் சீமை அரசியரில் ஒருவரின் ஆளுகையில் இருந்தது. அவர் தொடங்கிய கோட்டை வேலையை டச்சுக்காரர் தங்கள் கைக்கு எடுத்து 1613இல் முடித்தார்கள். அப்போதைய தலைவர் வெம்மர் வான் பெர்ஹெம், தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாகக் கெல்டிரியா என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே வேங்கடபதி இறந்து, வாரிசுச் சண்டையில் ராஜ்ஜியம் பற்றி எரிந்தது. உள்நாட்டில் யார் ஜெயித்தாலும் தோற்றாலும் கோட்டைக்குள் கணக்குப் புத்தகம் நிற்கவில்லை. 1616இல் டச்சுக்காரர் இந்தக் கரை முழுவதற்கும் பழவேற்காட்டையே தலைமையிடமாக்கினார்கள்.

இவ்வளவு பாடுபட்டது எதற்கு? ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்தது மொலுக்காஸ் தீவுகளில். அந்தத் தீவுக்காரர்கள் வெள்ளியைப் பெரிதாக மதிக்கவில்லை, துணி கேட்டார்கள். அதுவும் சோழமண்டலத்துத் துணி, சாயவேரில் சிவந்து, அவுரியில் கறுத்து, நூறு முறை துவைத்தாலும் நிறம் போகாத துணி. சோழமண்டலக் கரைதான் மொலுக்காஸின் இடக்கை, இந்தத் துணி இல்லாமல் அங்கே வியாபாரம் செத்துவிடும் என்ற பொருளில் 1612இல் ஹென்ட்ரிக் பிரௌவர் மேலிடத்துக்கு எழுதினார். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டத் தறிகளில் ஓடிய நாடா, அம்பான் தீவின் கிராம்புத் தோட்டத்துக்கு விலை நிர்ணயித்தது. கட்டம் போட்ட கைலியை மலேசியாவிலும் புருணையிலும் இன்றும் இந்த ஊர்ப் பெயரால்தான், 'காயின் பெலிக்காட்' என்று கேட்டு வாங்குகிறார்கள்.

இந்த வியாபாரம் டச்சுக்காரரால் மட்டும் நடந்ததும் இல்லை. நெசவாளிக்கு முன்பணம் கொடுத்து, சரக்கு தரம் பார்த்து, கெடு தவறாமல் கொண்டுவந்து சேர்க்க உள்ளூர்ப் பெருவணிகர்கள் வேண்டும். டச்சு ஆவணங்களில் மலையா என்று வரும் அச்சுதப்பச் செட்டியும் அவருடைய தம்பி சின்னண்ணாவும் அப்படிப்பட்டவர்கள். கம்பெனிக்குத் தரகர்களாக இருந்தார்கள், சொந்தக் கப்பல் வைத்தார்கள், பாளையக்காரர்களோடு பேரம் பேசினார்கள், தேவைப்பட்டால் படை திரட்டவும் செய்தார்கள். கம்பெனிக்கு அவர்கள் வேலையாட்களா, கம்பெனி அவர்களுக்கு வாடிக்கையாளரா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கோட்டைக்குள் வெடிமருந்துச் சாலை இருந்தது. வெடியுப்பைக் காய்ச்சி எடுத்துத் தயாரித்த மருந்து படேவியாவுக்கும் கீழைத் தீவுகளின் டச்சுக் கோட்டைகளுக்கும் போனது. நாணயச் சாலையும் இருந்தது. இவற்றைவிட இருண்ட சரக்கு ஒன்றும் இந்த முகத்துவாரம் வழியே போயிருக்கிறது: மனிதர்கள். 1620களிலும் 1640களிலும் பஞ்சமும் போரும் கரையை வதைத்தபோது ஒருவேளைச் சோற்றுக்கு விற்கப்பட்டவர்களை, கடத்தி வரப்பட்டவர்களை ஆயிரக்கணக்கில் டச்சுக்காரர் வாங்கிப் படேவியாவுக்கு ஏற்றினார்கள். அமைதியான ஏரி இதற்கும் வசதியாக இருந்தது. பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே வணிகர்களுக்கும் அவர்கள் மனைவி மக்களுக்கும் நேர்த்தியான கற்கள் இருக்கின்றன. தொல்லியல் துறை அவற்றைப் பாதுகாக்கிறது. கப்பலேறிப் போனவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை.

அதே கோட்டையில் 1632 முதல் 1642 வரை பாதிரியாராக இருந்தவர் அபிரகாம் ரொகேரியஸ். பத்மநாபன் என்ற பிராமணர் ஒருவரிடம் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு இந்து சமயத்தைப் பற்றி எழுதினார். நூல் அவர் இறந்த பிறகு 1651இல் லைடன் நகரில் அச்சானது. பர்த்ருஹரியின் பாடல்களின் டச்சு ஆக்கம் அதில் சேர்ந்திருந்தது. ஐரோப்பிய மொழி ஒன்றில் சமஸ்கிருதக் கவிதை அச்சேறியது அதுவே முதல் முறை. கோட்டையின் வேலைகளில் எது நீடித்தது என்று கேட்டால் நான் வெடிமருந்தைச் சொல்லமாட்டேன்.

ஆங்கிலேயர் கதைக்குத் திரும்புவோம். 1619இல் லண்டனும் ஹாலந்தும் சமாதானம் பேசியதன் பயனாக 1621இல் ஆங்கிலேயருக்குப் பழவேற்காட்டில் இடம் கிடைத்தது. பெயருக்குத்தான் கூட்டு. கோட்டைச் செலவில் பங்கு, வியாபாரத்தில் எஞ்சியது. இரண்டு மூன்று ஆண்டுகளில் மூட்டை கட்டினார்கள். 1626இல் ஏரியின் வடகோடிக்குப் போய், ஆறுமுக முதலியார் என்ற உள்ளூர்ப் பெரியவரின் உதவியோடு துகராஜபட்டினத்தில் காலூன்றினார்கள். நன்றிக்கு அவர் பெயரையே திரித்து ஆர்மகான் என்று ஊருக்கு வைத்தார்கள். ஆக, டச்சுக்காரரிடம் தோற்ற ஆங்கிலேயர் தேடிப் போனதும் அதே ஏரியின் மறுமுனையை, அதே மாதிரித் திட்டின் நிழலைத்தான். துறை நன்றாகத்தான் இருந்தது, துணி நன்றாக இல்லை. 1639 ஆகஸ்டில் ஆர்மகானின் தலைவர் பிரான்சிஸ் டே, தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடம் சாந்தோமுக்கு வடக்கே ஒரு மணல் துண்டை எழுதி வாங்கினார். ஒதுங்க இடமில்லாத, திட்டு இல்லாத, ஏரி இல்லாத கரை. மலிவான துணியும் இணக்கமான நாயக்கரும் இருந்ததே போதும் என்று டே நினைத்தார். வேடிக்கை, அதே 1639இல்தான் டச்சுக்காரர் போர்த்துக்கீசியரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள்.

துறைமுகங்களின் வரலாற்றை இயற்கை எழுதுகிறது என்று சொல்வது எளிது. சென்னை அதற்குச் சரியான மறுப்பு. கரையிலேயே மோசமான இடத்தில் பிறந்த ஊர், நல்ல ஒதுங்கிடம் வைத்திருந்த பழவேற்காட்டை நூறு ஆண்டுகளுக்குள் ஓரங்கட்டியது. நெசவாளர், வணிகர், தரகர், துபாஷிகள் என்று ஆள் சேர்ந்தது. ஆள் சேர்ந்ததும் பணம் சேர்ந்தது. பணத்துக்குக் கப்பல் அலையைப் பொறுத்துக்கொண்டு வந்து நின்றது. மறுபக்கம், கோல்கொண்டாப் படைகள் 1640களில் பழவேற்காட்டைச் சுற்றியிருந்த சீமையைப் பிடித்தன. 1687இல் கோல்கொண்டாவும் ஔரங்கசீப்பிடம் விழுந்தது. உள்நாட்டுப் பாதைகள் கலைந்தன. இலங்கையில் இலவங்கப்பட்டைக் காடுகளை வைத்திருந்த டச்சுக்காரருக்கு அதன் அருகே ஒரு கரை தேவைப்பட்டது. 1690இல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறியது.

அதன் பிறகு பழவேற்காடு கைமாறும் சரக்கானது. 1781இல் நாகப்பட்டினத்தோடு சேர்ந்து இதுவும் ஆங்கிலேயர் வசம். 1785இல் டச்சுக்காரரிடம் திரும்பியது. நாகப்பட்டினம் திரும்பாததால் மீண்டும் தலைமையிடம் என்ற வெறும் பட்டம். 1795இல் மறுபடி ஆங்கிலேயர். 1806இல் கெல்டிரியாவைத் தகர்த்தார்கள். 1818இல் இடிபாட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1824இன் லண்டன் உடன்படிக்கைப்படி அடுத்த ஆண்டு டச்சுக்காரர் ஒரேயடியாகக் கிளம்பினார்கள். கோட்டை இருந்த மேட்டில் இன்று புதர்தான். அகழியின் தடம் தெரிகிறது. பக்கத்து மீனவர் குடியிருப்பின் பெயர் கோட்டைக்குப்பம்.

19ஆம் நூற்றாண்டில் ஏரிக்கு வேறு வேலை வந்தது. சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் வடக்கே நீண்டு ஏரியோடு சேர்ந்தது. 1878இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டின் விறகு, ஏரியின் கிளிஞ்சல், உப்பு எல்லாம் படகுகளில் சென்னைக்கு மிதந்து போயின. ஒரு காலத்தில் மலாக்காவுக்கும் பெகுவுக்கும் வாசலாக இருந்த நீர், சென்னையின் அடுப்புக்கு விறகு அனுப்பும் குளமாகச் சுருங்கியது. கூடூர் வழியாக வடக்கே ரயில் ஓடத் தொடங்கியதும் கும்மிடிப்பூண்டிக்கு ஒரு நிலையம் கிடைத்தது, பழவேற்காட்டுக்கு அதுவும் இல்லை. நீராவிக் கப்பல்கள் பெருத்துவிட்டன. அவற்றுக்குத் திட்டின் நிழல் போதவில்லை, ஆழமும் கல்சுவரும் வேண்டியிருந்தது. சென்னையில் 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டி ஆரம்பித்த துறைமுகத்தை 1881 நவம்பர்ப் புயல் உடைத்துப் போட்டது. மறுபடி கட்டி, கிழக்கு வாயில் தூர்ந்து, பிரான்சிஸ் ஸ்பிரிங் வந்து வாயிலை வடகிழக்குக்கு மாற்றிய பிறகே அது துறைமுகம் என்று சொல்லும்படி ஆனது. அந்தக் கல்சுவர் வடக்கே போகும் மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை கரைந்தது.

மணலை மறித்தால் அதன் விலையை வடக்கே இருப்பவர்கள் கொடுக்கிறார்கள். இந்தக் கணக்கு 20ஆம் நூற்றாண்டோடு முடியவில்லை. 2001இல் எண்ணூரில் காமராஜர் துறைமுகம் இயங்கத் தொடங்கியது; பெயர் மாற்றம் 2014இல். நிலக்கரிக்காகக் கட்டியது, பிறகு கார் ஏற்றுமதியும் சேர்ந்தது. அதை ஒட்டி வடக்கே காட்டுப்பள்ளி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஆலைகள் செய்யும் சரக்கு இன்று இந்தக் கல்சுவர்களுக்குள்தான் கப்பல் ஏறுகிறது. நெசவுப் பொதிக்கு இருந்த அதே தேவைதான் கண்டெய்னருக்கும், அலை அடிக்காத நீர். மணல் தந்த மறைப்பை இப்போது கருங்கல் தருகிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தபோது பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்ததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே கடலையும் ஏரியையும் பிரிப்பது ஒடுங்கிய மணல்நாக்கு. அது அறுந்தால் ஏரி என்ற ஒன்று இருக்காது, கடல்தான் இருக்கும் என்கிறார்கள். நான்கு நூற்றாண்டு வரைபடங்களை அடுக்கிவைத்துப் பார்த்தால் அந்த அச்சத்தை மிகை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

முகத்துவாரத்துக்கு இப்போது நேர்மாறான நோய். கோடையில் மணல் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது, படகு வெளியே போகாது. ஏரியின் மீன்பிடி இடங்களைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் பாடு முறைப்படி பகிர்ந்துகொள்கின்றன. யாருக்கு எந்த நாள், எந்த இடத்தில் சுத்துவலை கட்டலாம் என்பது முறை வைத்து வரும். முகத்துவாரம் அடைந்தால் பாடு இருந்தும் மீன் இருக்காது. மீனவர்களே இறங்கி மணலைத் தோண்டித் திறந்துவிட்ட ஆண்டுகள் பல. கரையோரம் இருபுறமும் கல்சுவர் எழுப்பி வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்கும் வேலையை அரசு கையில் எடுத்ததும் இந்த நீண்ட கோரிக்கையால்தான். டச்சுக்காரர் காலத்தில் வரப்பைத் தாண்டத் தெரிந்த கைகள் போதுமாயிருந்தது. இப்போது வரப்பே வேண்டாம் என்ற இடத்துக்கு வந்திருக்கிறோம்.

கல்சுவருக்கு வடக்கே இருக்கும் கரைக்கு என்ன ஆகும் என்று எண்ணூர் ஏற்கெனவே நடத்திக் காட்டியிருக்கிறது. அந்தக் கழிமுகம், அதன் உப்பளங்கள், அனல்மின் நிலையங்கள், 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய் ஆகியவற்றின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)